அன்ரி அம்புலன்சில், நாடி வீட்டில்

பணி அனுபவங்களை எழுதித் தரும்படி வழக்கமாக ஓய்வு பெற்றவர்களைத்தான் கேட்பார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. ஆனால் நான் பார்த்த வேலை என்னைவிட மிக இளையது. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைக் நாடி அளக்கும் கைப்பட்டியும் கைபேசியும் கொண்டு தூரத்திலிருந்து கவனிக்கும் பிரிவு எங்கள் மருத்துவமனையில் தொடங்கிய முதல் நாளே அங்கே போய் உட்கார்ந்தவள் நான். அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போகிறேன். அந்த நாற்காலியின் கணக்கில் நான் ஓய்வு பெறும் கிழவி. கிழவிக்குரிய உரிமையோடு பேசுகிறேன், கேளுங்கள்.

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் தமிழ்த் தாதியரே, நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் சரி, நாகர்கோவிலிலிருந்து வந்தாலும் சரி, திரையைப் படிக்க உங்களுக்கு இங்கே நன்றாகவே சொல்லித் தருவார்கள். நாடி எங்கே ஏறினால் மஞ்சள், எங்கே ஏறினால் சிவப்பு, எப்போது மருத்துவரை எழுப்புவது, எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம்முடைய சனத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எங்கள் நகரமான பீலெஃபெல்டில் அவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கோப்பு வந்தாலே என் சகபணியாளர்கள் சிரித்துக்கொண்டு என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அம்மா அதுவும் இல்லை. எங்கள் பரம்பரையில் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய முதல் ஆள் நான். சாமிப் படங்களுக்கு நடுவில் அது தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவார். ஆனாலும் நான் செய்யும் வேலையை அவரால் நம்ப முடியவில்லை. "ரெலிபோனிலை சனத்தின்ர இதயத்தைப் பாக்கிறியோ? அப்ப ஏன் பிள்ளை விடிய எழும்பிப் பஸ் பிடிக்கிறாய்?" என்று கேட்டார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

இனி இந்திராணி அன்ரிக்கு வருவோம். அது அவருடைய பெயர் அல்ல. இதை எழுத அனுமதி கேட்டபோது, பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்றேன். உடனே மகிழ்ந்து இந்திராணி என்ற பெயரைத் தானே தெரிந்தெடுத்தார். சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயரில் ஆசையாம். கணவருக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். அவருக்குப் பெயரே வேண்டாம், அங்கிள் என்று போட்டால் காணும், அதாவது போதும், என்றார்.

அன்ரிக்கு வயிற்றில் குடலிறக்கச் சத்திரசிகிச்சை. எல்லாம் நன்றாக முடிந்து, கைப்பட்டியைக் கட்டி, பட்டியின் அளவுகளை எங்களுக்கு அனுப்பும் மருத்துவமனைக் கைபேசி ஒன்றையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். பாரம் தூக்கக்கூடாது, அடுப்படியில் நிற்கக்கூடாது, நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். காலையில் காயத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பட்டியைக் கழற்றக்கூடாது. அன்ரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நம்முடைய சனம் தலையாட்டுவதைப் பார்த்து ஒருநாளும் நிம்மதி அடையாதீர்கள்.

முதல் காலையில் அழகான, தெளிவான படம் வந்தது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கணினி ஒப்பிட்டுப் பார்த்து மாற்றம் இல்லை என்று பச்சை காட்டியது. எனக்கு உறுத்தியது காயமல்ல, படத்தின் மூலையில் தெரிந்த வாழைப்பழம். பாதி உரித்த பழம். நாட்கள் போயும் அதை யாரும் தின்னவுமில்லை, அது கறுக்கவுமில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அது முதல் நாள் எடுத்த படம்தான் பிள்ளை. நல்லா வந்திருந்தது" என்றார் அன்ரி. "படம் ஆறு மாசத்துக்குச் செல்லும்தானே?"

முப்பது வருடமாக விசாவுக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் கொடுத்த மனுசி. ஜெர்மனியில் எந்த அலுவலகத்திலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படம் என்றுதான் கேட்பார்கள். காயத்துக்கும் அதே சட்டம் என்று அவர் எடுத்துக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. தினமும் புதுப்படம் வேண்டும் என்று விளக்கினேன். மறுநாள் புதுப்படம் வந்தது. அதில் முகம் இருந்தது, பொட்டு இருந்தது, சிரிப்பும் இருந்தது. காயம் மட்டும் இல்லை.

ஒருவழியாக அதையும் சரிசெய்தோம். காயம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. அன்ரிக்கு இருந்த ஒரே கவலை சனிக்கிழமை. அன்றைக்கு மகளின் கலியாணம். ஒரே மகள். தாலி கட்டுமுன் தகப்பன் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். எது நடந்தாலும் சனிக்கிழமை மண்டபத்தில் நிற்கவேண்டும், திரும்ப ஆஸ்பத்திரியில் மறித்து வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு அழைப்பிலும் என்னிடம் வாக்கு வாங்கினார். நன்றாக ஓய்வெடுத்தால் மறிக்கமாட்டோம் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரத் திங்கட்கிழமை முதல் அன்ரி ஓய்வெடுத்தாரே ஓர் ஓய்வு, அப்படி ஒன்றை நான் அதற்குமுன் கண்டதில்லை. அசைவே இல்லை. காலையில் நாற்காலி, மதியம் நாற்காலி, நடுவில் ஒரு நல்ல தூக்கம். எழும்பிக் கொஞ்சம் நடவுங்கோ என்று நானே கெஞ்ச வேண்டியிருந்தது. அழைத்துப் பாராட்டியபோது அன்ரி வெட்கப்பட்டு நன்றி சொன்னார். முன்மாதிரி நோயாளி என்று கூட்டத்தில் அவருடைய வரைபடத்தை எல்லோருக்கும் காட்டினேன். ஒரு தமிழ்ப் பெண்மணி இப்படி ஓய்வெடுப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. தமிழ்ப் பெண்மணி ஒருத்தி கலியாண வாரத்தில் இப்படி ஓய்வெடுப்பாளா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். பச்சைக் கோட்டின் அழகில் மயங்கிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் திரை சிவப்பானது. நாடி வேகமாக மட்டுமல்ல, ஒழுங்கே இல்லாமல் அடித்தது. இரண்டு துடிப்பு, ஒரு தாமதம், பிறகு நான்கு ஓட்டம். சத்திரசிகிச்சை முடிந்த ஒருவருக்கு இப்படி வந்தால் நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கலாம். உடனே அழைத்தேன்.

நான் எப்போதும் அழைப்பது அவருடைய சொந்தத் தொலைபேசிக்கு; அன்ரிதான் எடுத்தார். பின்னால் பெரிய சளசளப்பு. அது என்ன சத்தம் என்று கேட்டேன். மழை என்றார். என் சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். எங்கள் ஊரில் ஒரு தெருவில் மழையும் அடுத்த தெருவில் வெயிலும் அடிப்பது புதினமில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். நெஞ்சு படபடக்கிறதா, நோகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. ஆனால் ஒவ்வொரு "இல்லை"க்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது எனக்கு நன்றாகவே கேட்டது.

"அன்ரி, நான் அம்புலன்ஸ் அனுப்பப்போறன்."

"ஐயோ பிள்ளை, வேண்டாம். சனிக்கிழமை கலியாணமெல்லே. நான் நல்லாத்தான் இருக்கிறன். வேணுமெண்டால் பாடிக் காட்டவோ?"

நோயாளி பாடுகிறேன் என்றாலும் ஆடுகிறேன் என்றாலும் ஒழுங்கற்ற நாடியும் மூச்சு வாங்கலும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். அம்புலன்சை அனுப்பினேன். என்னை இனி அன்ரி மன்னிக்கமாட்டார் என்று தெரிந்தே அனுப்பினேன்.

பிறகு அறிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவர்கள் வீட்டில் பலகாரச்சூடு. யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் நல்ல நாள் பார்த்து, சொந்தக்காரப் பெண்கள் கூடி, கலியாணத்துக்கான பலகாரங்களைச் சுடுவார்கள். முறுக்கு, சீனி அரியதரம், பயித்தம்பணியாரம். மணமகளின் தாய் எண்ணெய்ச்சட்டிக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் ஊர் கதைக்கும், பீலெஃபெல்ட் கதைக்கும், கனடாவும் கதைக்கும். அம்புலன்ஸ்காரர் இருவரும் படியேறிப் போனபோது அன்ரி முழங்கை வரை மாவோடு நின்றிருக்கிறார். எண்ணெய் கொதிக்கிறது (நான் கேட்ட மழை அதுதான்), மச்சாள்மார் சுற்றி நிற்கிறார்கள். அன்ரியை மாவோடு தூக்குப்படுக்கையில் ஏற்றி வார் போட்டு இறக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கிள் சாய்மனை நாற்காலியில் இருந்தபடியே கை காட்டி வழியனுப்பியிருக்கிறார். யாரோ ஒரு மச்சாள் அம்புலன்ஸ்காரருக்கு ஒரு பை முறுக்குக் கொடுத்துவிட்டாராம்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, அம்புலன்சிலிருந்து ஒருவர் அழைத்துச் சொன்னதுதான். வழியிலேயே இதயத்தின் மின்வரைவு எடுத்தாராம். ஒரு குறையும் இல்லை, தன்னுடைய இதயத்தைவிட நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் என் திரையில், அதே நிமிடத்தில், அன்ரியின் நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பணி மருத்துவர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், களைத்த மனிதர். கருவி பழுதாகிவிட்டது, எச்சரிக்கையை மூடிவிடுங்கள், பட்டியை மாற்றித் தரலாம் என்றார். சரியான பேச்சுத்தான். மின்வரைவா, பிளாஸ்டிக் பட்டியா என்று வந்தால் யாரும் மின்வரைவைத்தான் நம்புவார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் சிவப்பு போய்விடும், அன்ரி வீட்டுக்குப் போய்விடுவார், நானும் கோப்பி குடிக்கப் போகலாம்.

என் விரல் பொத்தானில் இருந்தது. அப்போதுதான் கீழ்வரியைப் பார்த்தேன். நாடிக்குக் கீழே அசைவைக் காட்டும் வரி அது. அசைவு இல்லை என்று இருந்தது. ஓய்வு மிக நன்று என்று பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை இலை.

அம்புலன்ஸ்காரரிடம் நோயாளி என்ன செய்கிறார் என்று கேட்டேன். எழும்பி உட்காருகிறார், படுக்கப் பண்ணினால் திரும்ப எழும்புகிறார், தொலைபேசியில் யாருக்கோ கையை வீசி வீசிக் கட்டளை போடுகிறார் என்றார். வண்டியோ கல் பதித்த தெருவில் குலுங்கிக்கொண்டு போகிறது. அந்தக் கையில் கட்டிய பட்டி எப்படிப் பச்சை இலை காட்டும்? கையில் பட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு கையிலும் தங்கக் காப்பு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, நிறைய மாவு இருக்கிறது என்றார். தொலைபேசியை அன்ரியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அன்ரி, மணிக்கூடு எங்கை?"

மணிக்கூடு என்றுதான் அவர்கள் அந்தப் பட்டியைச் சொல்வார்கள்.

"வீட்டிலை."

"வீட்டிலை ஆற்றை கையிலை?"

யாருடைய கையில் என்று கேட்டதும் அன்ரியின் குரல் இறங்கியது.

"இவர்தான் பிள்ளை... எனக்காகக் கொஞ்சம் ஓய்வெடுக்கிறார்."

திங்கட்கிழமையிலிருந்து அப்படியாம். எனக்கு ஓய்வெடுக்க நேரமில்லை, உங்களுக்கு வேறு வேலையுமில்லை, நீங்கள் என்ர இடத்திலை இருந்து ஓய்வெடுங்கோ என்று அன்ரி பட்டியை அங்கிளின் கையில் கட்டி, மருத்துவமனைக் கைபேசியை அவருடைய சட்டைப் பையில் போட்டு, நாற்காலியில் இருத்தியிருக்கிறார். அங்கிளும் பொறுப்போடு ஓய்வெடுத்திருக்கிறார். நான் கூட்டத்தில் காட்டிப் பெருமைப்பட்டது அவருடைய ஓய்வை.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஜெர்மன் நோயாளி பட்டி பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டு, கழற்றிவிட்டேன் என்று அழைத்தும் சொல்வார். நம்முடைய சனத்துக்கு டொக்டரின் மனம் நோகக்கூடாது. நாங்கள் கேட்ட கோட்டை எப்பாடுபட்டாவது, யாருடைய உடம்பிலிருந்தாவது எடுத்துத் தந்துவிடுவார்கள்.

நான் பேச வாய் திறக்குமுன் அன்ரிக்கே விளங்கிவிட்டது. "பிள்ளை" என்றார், குரல் மாறிவிட்டது. "அப்ப இந்த அம்புலன்ஸ் ஆருக்கு?"

வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மருத்துவமனைக் கைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்தது. ஓர் ஆண்குரல் மிக மெல்லியதாகச் சொன்னது: "ஹலோ, இந்திராணி கதைக்கிறன்."

"அங்கிள், எனக்கு எல்லாம் தெரியும்."

"ஏன் பிள்ளை, ஓய்வு காணாதோ?"

காணும் என்று சொல்லிவிட்டு நெஞ்சைப் பற்றிக் கேட்டேன். காலையிலிருந்து விட்டுவிட்டு நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். தலை சுற்றுகிறதாம். ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். அது மனைவியின் வருத்தம், அந்த நோய்தான் மணிக்கூட்டு வழியாகத் தனக்கு வருகிறதாக்கும் என்று நினைத்தாராம். அதோடு சனிக்கிழமை தாரை வார்க்க வேண்டும், இந்த நேரத்தில் வாய் திறந்தால் தன்னையும் மறித்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கிறது. எழும்பாமல் அப்படியே இருங்கோ, திரும்பி வருகிறார்கள் என்றேன்.

"நான் எழும்பமாட்டன். அதுதானே என்ர வேலை" என்றார். பகிடியாகச் சொன்னாரா பயந்து சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டி போய்ச் சேரும்வரை நான் தொலைபேசியை வைக்கவில்லை. மாப்பிள்ளை எப்படி, மண்டபம் எங்கே, முறுக்கு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முறுக்கில் உப்புக் கூட என்றார். பயிற்சியில் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நான் செய்தது வெறும் ஊர்க்கதைதான். அவர் பதில் சொல்லச் சொல்ல, மூளைக்கு இரத்தம் போகிறது என்று எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

அம்புலன்ஸ்காரர் இருவரும் இரண்டாம் முறை படியேறினார்கள். அன்ரி தானே படுக்கையிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தார். இப்போது யார்தான் நோயாளி என்று அவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். மச்சாள்மாரில் பாதிப் பேர் அன்ரியைக் காட்ட, பாதிப் பேர் அங்கிளைக் காட்டினார்களாம். மின்வரைவைப் போட்டதும் காட்டத் தேவையிருக்கவில்லை.

அங்கிளுக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடித்துக்கொண்டிருந்தன. அப்படி இருந்தால் அங்கே இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம். இன்னும் சில நாள் இப்படியே ஓய்வெடுத்திருந்தால் கலியாணத்துக்குப் பதிலாக வேறொன்றுக்குச் சனம் கூடியிருக்கும் என்று இதய மருத்துவர் சொன்னார், இவ்வளவு வெளிப்படையாக அல்ல. மருந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை, இருந்தபடியே தாரை வார்ப்பது, மாத்திரையை மறப்பதில்லை, திங்கட்கிழமை திரும்ப வருவது என்ற நிபந்தனைகளோடு வீட்டுக்கு விட்டார்கள். அன்ரியையும் பரிசோதித்தார்கள். தையல் ஒன்றும் பிரியவில்லை. எங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி மட்டும், ஒருவருடைய இதயம் சம்மதமில்லாமல் இன்னொருவர் கோப்பில் பதிவாகிவிட்டது என்று மூன்று பக்கம் எழுதினார். அங்கிளின் துடிப்பையெல்லாம் அன்ரியின் கோப்பிலிருந்து அகற்றினார்கள். ஆகவே எங்கள் ஆவணங்களின்படி அந்த மூன்று நாளும் அன்ரிக்கு நாடியே இருக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த எச்சரிக்கைக்கு அழைத்தாலும், வணக்கத்துக்குப் பிறகு என் முதல் கேள்வி, பட்டி யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான். சிரிக்காமல் கேளுங்கள். சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பதறுவது போலவே, அளவுக்கு மிஞ்சிய அழகான பச்சைக் கோட்டைப் பார்த்தும் கொஞ்சம் பதறுங்கள். கருவி பழுது என்று எழுதுமுன் மற்ற வரிகளையும் ஒருமுறை படியுங்கள்.

சனிக்கிழமை என்னையும் கலியாணத்துக்கு அழைத்திருந்தார்கள். வேலையாக அல்ல, விருந்தாளியாகத்தான் போனேன். ஆனாலும் கண் அங்கிளிடம்தான் இருந்தது. நாற்காலியில் இருந்தபடியே தாரை வார்த்தார். தாலி ஏறியது, மேளம் கொட்டியது, சனம் அரிசி போட்டது. எல்லாம் ஓய்ந்தபின் அன்ரி வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

முன்வரிசையில் இருந்த மச்சாள்மார் ஒருவரையொருவர் இடித்தார்கள். அந்த வயதுத் தம்பதிகள் சபையில் கை பிடிப்பதில்லை. ஒரு மச்சாள் சத்தமாகவே கேட்டார்: "என்ன, உங்களுக்கும் இண்டைக்குத்தான் கலியாணமோ?"

"நாடி பாக்கிறன்" என்றார் அன்ரி, முகத்தைத் திருப்பாமலே.

கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக்கூடாது என்று முதல் வாரப் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு. பார்ப்பவருக்குத் தன்னுடைய நாடிதான் தெரியும்.

"இப்ப நல்ல ஒழுங்கா அடிக்குது" என்று அன்ரி என்னிடம் சொன்னார். பிறகு, கையை எடுக்க மனமில்லாமல், "இவ்வளவும் காணுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

நான் படித்த பிள்ளை. என் சான்றிதழுக்கு வீட்டில் சாம்பிராணி காட்டுகிறார்கள். சரியானதைத்தான் சொல்ல வேண்டும்.

"காணாது அன்ரி" என்றேன். "கனநேரம், விடாமல் பிடிச்சுப் பாக்கவேணும்."

நான் சொன்னவற்றில் அந்த ஒன்றை மட்டும் அன்ரி ஒரு குறையும் வைக்காமல் செய்தார்.